மேலத்துறை மீன்

பென்சிலால் எழுதினால் தண்ணீரில் அழியாது. பேனாவால் எழுதினால், பெட்டியில் ஐஸ் உருகுவதற்குள் மை கரைந்து, எழுத்து எது கறை எது என்று தெரியாமல் போகும். மீன் சோதனை வேலைக்கு வந்ததும் நான் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். நீங்கள் கொடுத்த பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டேன். பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம் ஐயா, நானே எழுதித் தருகிறேன் என்றேன். உடனே நீங்கள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தீர்கள். அவர் உங்களைப் பார்த்தார். இவனுக்கு எழுத வருமா என்று கேட்கிற பார்வை. அதோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு.

ஊரில் எனக்குக் கைநாட்டு என்றுதான் பெயர். மணல் அள்ளும் வேலையில் இருபது வருடம் இருந்தேன். காலையில் வருகைப் புத்தகத்தில் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். என் முறை வந்தால் மேஸ்திரி, கோழியின் காலைப் பிடிக்கிற மாதிரி என் கட்டைவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து, தானே அழுத்துவார். "உனக்கென்னடா, ராசா மாதிரி. ஒரு விரல்லயே வேலை முடிஞ்சுடுது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த நீலம் துண்டில் துடைத்தாலும் போகாது. மதியம் சோற்றில் கை வைக்கும்போது விரலில் அது இருக்கும்.

நாற்பத்தொரு வயதில் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் மேலே இடிக்கும். பதினாலு பேர் சேர்ந்தோம், கடைசிவரை இருந்தவன் நான் ஒருத்தன். மற்ற எழுத்தெல்லாம் எப்படியோ வந்துவிட்டது. 'ழ' மட்டும் ஒரு மாதம் அலைக்கழித்தது. அதன் வால் எந்தப் பக்கம் சுழிகிறது என்று மணலில் விரலால் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். வந்த பிறகு, அதைவிட அழகான எழுத்து கிடையாது என்று தோன்றியது.

இரண்டு வருடம் கழித்து, பாலத்தடியில் இரண்டு அறை எடுத்து, ஆற்று மீனைச் சோதிக்கும் அலுவலகம் ஒன்று வந்தது. பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை ஒன்று பாலத்தை ஒட்டி இருக்கிறது. அதன் கழிவு ஆற்றில் சேர்கிறதா, மீனில் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், வலை வீசத் தெரிந்திருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். நானே நின்று படித்தேன். உள்ளே போய், படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகவே அந்த வேலைக்குப் போனேன் என்றாலும் தவறில்லை.

அதிகாரி வெளியூர்க்காரர். சார் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், செருப்பில் சேறு படுவது மட்டும் ஆகாது. முதல் நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மேல பத்து மீன், கீழ பத்து மீன். தனித்தனிப் பையில போட்டு, சீட்டுல எழுதிக் கட்டிடு. கலந்துடாத."

"சரிங்க சார்."

இவ்வளவுதான் பேச்சு. இதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பேச்சில் சூரியன் உதிக்கிற பக்கம் கீழ, மறைகிற பக்கம் மேல. மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு. உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல ஊர்களில் ஆறு மேற்கே மலையில் பிறந்து கிழக்கே போகும், அங்கே இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். எங்கள் ஆறு அப்படியில்லை. கிழக்கு மலையில் இறங்கி மேற்கே ஓடுகிறது. "எங்க ஊர் ஆறு கீழ இருந்து மேல ஓடும், தெரியுமா?" என்று வெளியூர் மாப்பிள்ளைகளைக் கேலி செய்வோம். ஆற்றில் இரண்டு துறைகள். கிழக்கே இருப்பது கீழத்துறை. தண்ணீர் முதலில் அங்கேதான் வருகிறது. பிறகு பாலம், தடுப்பணை, ஆலை. ஆலையைத் தாண்டி மேற்கே மேலத்துறை. தடுப்பணை இருப்பதால் மேலத்துறை மீன் கீழத்துறைக்கு ஏறாது.

சார் மேல என்று சொன்னது தண்ணீர் வரும் பக்கத்தை, அதாவது ஆலைக்கு முன்னால். நான் மேல என்று புரிந்துகொண்டது மேலத்துறையை, அதாவது ஆலைக்குப் பின்னால். அவருடைய வரைபடத்தில் எங்கள் துறைகளின் பெயரே கிடையாது, அம்புக்குறி மட்டும்தான். நான் மேலத்துறையில் பத்து மீன் பிடித்து, செவுளில் நூல் கோத்து, 'மேல' என்று சீட்டுக் கட்டினேன். கீழத்துறையில் பத்து. 'கீழ'. ஒவ்வொரு 'கீழ'விலும் 'ழ'வின் சுழி சரியாக வந்ததா என்று பார்த்துக்கொண்டேன். சார் ஒன்றை எடுத்துப் பார்த்து, "அச்சு மாதிரி இருக்கேய்யா" என்றார். பெட்டி வேனில் ஏறிப் பெரிய ஊர் சோதனைக்கூடத்துக்குப் போனது.

இது பிழை. இதற்கு நான் பொறுப்பில்லை. இதுவரை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. கூடவே இரண்டு பலகைகள் வந்தன, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. குழி தோண்டி நடுவது என் வேலை. சிவப்பை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு சார் முன்னால் நடந்தார். ஆலைக்கு அந்தப் பக்கம்தானே கெட்டிருக்கும் என்று நான் மேற்கே வண்டியைத் திருப்பினேன். அவர் கிழக்கே போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. சரி, பெரியவர்களுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று பின்னாலேயே போனேன்.

கீழத்துறையில் வலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் கடப்பாரையால் குழி போட்டு, பலகையை நிறுத்தி, கல் போட்டு இறுக்கினேன். அப்போது ஒரு கிழவர், வலை பின்னிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்:

"ஏய் கைநாட்டு, என்னவோ எழுதியிருக்காங்களே, உனக்குத்தான் இப்பப் படிப்பு வந்துடுச்சாமே. படியேன் கேப்போம்."

"அவன் எங்க படிக்கிறது, போர்டைத் தலைகீழா நடாம இருந்தாச் சரி" என்றான் ஒருவன்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு தடங்கல் இல்லாமல். 'இந்தத் துறையின் மீன்களில் ஈயம் அளவுக்கு மீறி உள்ளது. பிடிப்பதும் உண்பதும் தடை செய்யப்படுகிறது.' என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரார் முன்னால் படித்தது அன்றைக்குத்தான். யாரும் சிரிக்கவில்லை. கிழவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

'இந்தத் துறையின்' என்று வாசிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. படித்து முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

பிறகு சாரிடம் போய் மெதுவாக, "சார், இது கீழத்துறை" என்றேன்.

"அதனால?"

"ஒண்ணுமில்ல சார்."

அவர் என்னையே பார்த்தார். "ஏன்யா, சீட்டு எதுவும் மாத்தி எழுதிடலையே?"

வலைக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கால் மண்ணில் இருந்தது, கையில் கடப்பாரை.

"எழுதப் படிக்கத் தெரியாதவனா சார் நான்?" என்றேன்.

அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள், ஆனால் இந்த முறை என்னோடு சேர்ந்து. பச்சைப் பலகையை அன்றே மேலத்துறையில் நட்டேன். 'இந்தத் துறையின் மீன்கள் உண்ணத் தக்கவை.' அதையும் படித்துக் காட்டினேன். கேட்டவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

அக்கா வீடு மேலத்துறையில் இருக்கிறது. அத்தான் வலை வீசுவார், அவள் கூடையில் வைத்து விற்பாள். பச்சைப் பலகை வந்ததும் கீழத்தெரு ஆட்களும் அவளிடமே வாங்க வந்தார்கள். "எந்தம்பி எழுத்துலதான்டி எங்க பொழப்பு ஓடுது" என்று போகிறவள் வருகிறவளிடமெல்லாம் சொல்வாள். ஆலைக்காரர்களுக்கும் நிம்மதி. ஆலைக்கு முன்னால் இருக்கிற மீனில் ஈயம் இருக்கிறது, பின்னால் இருக்கிற மீனில் இல்லை என்றால், ஈயம் மலைப்பாறையிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? சார் அப்படித்தான் எழுதி அனுப்பினார். ஆலை இன்னொரு உலை கட்டியது. தொழில் போன கீழத்துறை வலைக்காரர்களை அந்த உலைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டது. யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அடுத்த முறை மீன் பிடிக்கப் போனபோது சரியாக எழுதியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நானும் யோசித்தேன். எழுதினால் முடிவு தலைகீழாக வரும். இரண்டு முடிவும் முட்டிக்கொண்டால், எழுதியவன் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். அப்புறம் வேறு ஆளை வைப்பார்கள். ஒரு குறிப்பேடு என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் ஒழுங்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஏழு வருடம். மேலத்துறை மீனில் 'மேல', கீழத்துறை மீனில் 'கீழ'. என் ஊர்ப் பேச்சுப்படி பார்த்தால் அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

சாருக்குச் சந்தேகம் வந்தது உண்டு. ஒரு தடவை பெட்டியை மூடப்போகும் நேரத்தில் கையை வைத்துத் தடுத்தார். ஒரு மீனை எடுத்துச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க பிடிச்சது?"

"மேலத்துறைல சார்."

"மேலதானே?"

"மேலதான் சார்."

"ஆலை வாசல்லயே கெடக்குற மீன் சுத்தமா இருக்கு, மலைத்தண்ணி மீன் கெட்டுப்போச்சுங்குறது எனக்கு மனசுல ஒட்டவே இல்லய்யா."

"தண்ணி ஓடுதுல்ல சார், எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் மீனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடியைப் போட்டார். அவர் நிஜமாகவே நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கேள்வி கேட்டவர், நான் மீன் பிடிக்கும்போது ஒருநாளும் துறைக்கு வந்து பார்க்கவில்லை. அவரையும் விசாரியுங்கள். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் உள்ளதைத்தான் சொன்னேன்.

வீட்டிலும் சந்தேகம் இருந்தது. அக்கா வாரம் ஒரு தூக்குச்சட்டி நிறைய மீன் சமைத்துக் கொடுத்துவிடுவாள். பலகை நட்ட நாளிலிருந்து அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பாலத்துக்குப் பின்னால் போய் ஆற்றில் கொட்டி, சட்டியை மணல் போட்டுத் தேய்த்து, மறுநாள் திருப்பிக் கொடுப்பேன். என் மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்க அக்கா ஆசையா குடுத்ததை ஆத்துல ஊத்துறீங்க. ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? எங்கிட்ட மறைக்குறீங்க."

"சண்டை ஒண்ணுமில்ல. மண்வாடை அடிக்குது."

"அவங்க கைமணத்துக்கு ஊரே வரிசைல நிக்குது. உங்களுக்கு மட்டும் மண்வாடை."

அதற்குப் பிறகு அவள் அக்காவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். அக்கா ஏதோ மருந்து வைத்துத்தான் அனுப்புகிறாள், அதுதான் இவர் சாப்பிடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு கதை கட்டிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. அந்தக் கதையால் என் இரண்டு பெண்பிள்ளைகளும் அக்கா வீட்டில் கைநனைக்காமல் இருந்தார்கள்.

அக்காவிடம் மட்டுமாவது காதோடு காதாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டபோது உங்கள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அக்காவை உங்களுக்குத் தெரியாது. அவள் வாயில் போட்டது ஊர் வாயில் போட்டது. ஆனால் நான் எச்சரிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருநாள் அவள் மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, "தலையைச் சாப்பிடாதக்கா, முள்ளையும் மெல்லாத" என்றேன்.

"போடா, நாலு எழுத்து படிச்சதும் மீன் திங்கவும் சொல்லிக்குடுக்க வந்துட்டான். தலையைத் தின்னாத்தான்டா அறிவு வளரும்" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த பேத்திக்கு ஒரு தலையை எடுத்து வைத்தாள். நான் எச்சரித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேத்தி பச்சைப் பலகை வந்த வருடம் பிறந்தவள். மூன்று வயது வரை பேச்சு வரவில்லை. சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். பிறகு அத்தானுக்கு வயிற்றுவலி. பிறகு அக்காவின் வலதுகை மணிக்கட்டு துவண்டு தொங்க ஆரம்பித்தது. கூடையைத் தூக்கினால் கை நிமிராது. வயதானால் வருவதுதான் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

போன வருடம் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது அக்கா என்னை உட்காரவைத்தாள்.

"தம்பி, இவளுக்கு எழுத்தே நிக்க மாட்டேங்குதுடா. நேத்துப் படிச்சது இன்னிக்கு இல்ல. 'அ'வைப் போட்டுட்டு அதையே யாரோ எவரோன்னு பாக்குறா. வகுப்புல இவ ஒருத்தி இல்ல, மேலத்துறைப் புள்ளைங்க பாதிப் பேரு இப்படித்தானாம், டீச்சர் சொல்லுது. நீ நாப்பத்தொரு வயசுல எப்படிடா கத்துக்கிட்ட?"

"பொறுமையா இருந்தா வரும்க்கா" என்றேன்.

அவள் அதை நம்பினாள். பேத்தியின் தலையைத் தடவி, "கேட்டியா, தாத்தா சொல்றாரு" என்றாள். குழந்தை என் சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்து வாயில் வைத்துக் கடித்தது. நான் வாங்கித் துடைத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த டீச்சர்தான் டாக்டரம்மாவை வரவழைத்தவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இரத்தம் எடுத்தார்கள். அறுபத்துநாலு பிள்ளைகள். அறுபத்திரண்டு பேர் இரத்தத்தில் ஈயம். மீதி இரண்டு பேர் என் பெண்கள். டாக்டரம்மாவுக்குச் சந்தேகம், கருவிதான் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை எடுத்தார். அதே இரண்டு பேர்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் வாசல்படியில் உட்கார்ந்து அடுத்த முறைக்கான சீட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுப்படியில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுல மீனே சாப்பிடுறதில்லையாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நல்லாக் கேட்டீங்க. ரெண்டு நாளைக்கு ஒருதரம் மீன்தான். ஊர்ல எங்களை மாதிரித் தின்னவங்க கிடையாது."

"எங்க வாங்குறீங்க? மேலத்துறைலயா?"

"ஐயோ, அங்க வாங்குறதில்ல." அவள் கரண்டியை வைத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினாள். "இவரு விடிகாலைல சிவப்புப் போர்டு துறைக்குப் போயித் தூண்டில் போட்டுக் கொண்டு வருவாரு. தடைன்னு ஒரு பய எட்டிப் பாக்குறதில்ல, மீனு கொழுத்துக் கெடக்குது. எனக்கும் மொதல்ல பயம்தான். 'போர்டு நட்டவன் நான், எனக்குத் தெரியாதா'ன்னு சொல்லி, இவரே மொதல்ல தின்னு காட்டினாரு. ஏழு வருசமாச்சு, ஒரு தும்மல் இல்ல பாருங்க."

டாக்டரம்மா அடுப்பில் இருந்த மீனைப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்த சீட்டுகளைப் பார்த்தார். ஒரு சீட்டை எடுத்து, வெற்றுச் சீட்டுதான், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார். மறுநாள் தானே ஆள் வைத்து இரண்டு துறையிலும் வலை வீசச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நேற்று எனக்காக வைத்த வக்கீல் வந்தார். பிழை என்று சொல்லிவிடு, பாதி தண்டனை போய்விடும் என்றார். அக்கா உங்களிடம் வந்து சொன்னதை எனக்குப் படித்தும் காட்டினார். 'எந்தம்பிக்கு எழுத்து சரியா வராதுங்க. வயசான காலத்துல கத்துக்கிட்டது. மேலன்னா என்ன, கீழன்னா என்னன்னு கொழம்பிட்டான். தெரியாமப் பண்ணிட்டான், பாவம், விட்டுடுங்க.' காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கீழே அவள் கட்டைவிரல் ரேகை. கை நிமிராததால் யாரோ விரலைப் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். ரேகை ஒரு பக்கமாக இழுபட்டு இருந்தது.

அவள் என்னைக் காப்பாற்ற நினைத்துச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே சொன்னாளாம். ஆனால் அவள் சொன்னது தவறு. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். முதல் தடவை எழுதியது மட்டுமே பிழை. மற்ற இருபத்தேழு தடவையும் எந்த மீன் எது, யார் சாப்பிடுவார்கள், என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதினேன். 'ல' எது, 'ழ' எது என்று எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. எழுத்து தெரியாதவன் செய்த வேலை என்று நீங்கள் எங்கேயும் எழுதக் கூடாது.

படித்துப் பார்த்துவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. அந்த மைப்பெட்டியை எதற்காகத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அதை அந்தப் பக்கம் தள்ளிவையுங்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.